பன்னிரண்டு சதவீதப் பசி

உம் அல் குவைன் காயலில்
நீர் வடிந்த சேற்றின் மேல்
மண்ணை உருட்டி உருட்டிப் போடுகின்றன நண்டுகள்,
ஒவ்வோர் உருண்டையும் மிளகளவு.
நடுவே எங்களுடையது:
கைமுட்டியளவு, கருப்பு, ஆறு கால்.
(மீதி இரண்டு காலுக்கு நிதி வரவில்லை.)

அதுவும் அள்ளும், சலிக்கும், உருட்டும்.
தின்பதில்லை.
மின்கலம் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கினால்
வளைக்குத் திரும்பும்.
அந்த வரிக்குப் 'பசி' என்று பெயர் வைத்தவள் நான்தான்.
இரவு பதினொன்றரைக்கு
வேறு பெயர் தேடச் சோம்பலாக இருந்தது.

டாக்டர் ஹெஸ்ஸா கேட்டார்:
பசி என்று எழுதிவிட்டால் பசித்துவிடுமா?
எனக்கும் யாரோ எழுதித்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன்,
ஒரு மணிக்கு, கேன்டீன் அட்டையில்.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள்.
எங்கள் நண்டு கொழுக்க
பிளக்கில் நான்கு மணி நேரம் போதும்.
தங்காமல் வெளியே வருவதும்
நாங்கள் எழுதிய வரியின்படிதான்.
திமிர் என்று ஏச முடியாது.
திமிருக்கு இன்னும் வரி எழுதவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழன்.
அட்டவணைப்படி ஏற்றம் மாலை ஐந்து நாற்பதுக்கு.
மூன்றேகாலுக்கே உருட்டுவதை விட்டது.
வளைக்குள் இறங்கி
மேலே மண்ணை இழுத்து மூடிக்கொண்டது.
பதிவேட்டில் கோளாறு என்று எழுதி
நிமிர்ந்தால்
சுற்றிலும் ஒரு நண்டு இல்லை.
சேறு முழுக்கச் சாத்திய கதவுகள்.
நாலு மணிக்கு ஷமால் காற்று
கடலைத் தள்ளிக்கொண்டுவந்து
எங்கள் நாற்காலிக் காலடியில் விட்டது.

காவலுக்கு நின்ற ஷோஃபிகுல் கைதட்டினார்:
அதுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலையே!

காற்றை அறிய அதில் நாங்கள் எதையும் பொருத்தவில்லை.
மூன்று நாள் பதிவுகளைக் கிளறினேன்.
அகப்பட்டது உப்பு.
ஈர உணரியின் இரு முனைகளுக்கு நடுவே
மயிரிழைபோல் ஓர் உப்புப் பாலம்.
வராத தண்ணீரை வந்ததாகச் சொல்லியிருக்கிறது.
நம்பி உள்ளே போயிருக்கிறது நண்டு.
பிறகு, எந்தச் சம்பந்தமும் இல்லாமல்,
தண்ணீர் வந்திருக்கிறது.

பொய்யை நம்பி மெய்யில் போய் விழுந்ததற்கு
அறிவு என்று பெயரா?
இல்லவே இல்லை என்றார் ஹெஸ்ஸா.
எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.
மற்ற நண்டுகளைத் திறந்து பார்த்தோமா நாம்?
அவற்றின் காலிடுக்கிலும் ஓர் உப்பு
எதையோ சொல்லிக்கொண்டிருந்தால்?
தவறாகச் சொன்ன உப்பை நம்பியவையெல்லாம்
எப்போதோ கொக்கின் வயிற்றுக்குப் போயிருக்கும்,
அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுடையதைக் கொக்கு தின்னாது.
தின்னாதவரை
அதற்கு எதுவும் தெரியவேண்டியதில்லை
என்று தோன்றியது. ஹெஸ்ஸாவிடம் சொல்லவில்லை.

வேலைத்தாளில் இருந்தது: உணரியைத் துடை.
பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன்.
தாள் சொன்னதால் துடைத்தேனா,
துடைக்க நினைத்தபோது தாளும் அதையே சொன்னதா,
ஆறு வருட வேலையில்
பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிருந்தது.
கழுத்துக் கயிற்றில் அடையாள அட்டை,
அதன் பின்னால் சிவப்புப் பொத்தான்.
பொத்தானை அமுக்கினால் நண்டு நின்றுவிடும்.
அட்டையைத் திரும்ப வாங்கினால் நான்.

சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் வளைவாயில் விட்டேன்.
உள்ளே குடியேறியிருந்தது
வேறு இனத்து நண்டு ஒன்று,
காம்பில் உயர்ந்த கண், பெரிய கொடுக்கு.
தன் வளை எது என்பது எங்கள் நண்டில் எழுதியிருக்கிறது.
அது பறிபோகும் என்பதற்கு வரி இல்லை.
ஒரு காலைத் தூக்கியது.
கீழே வைக்கவில்லை.
பதினொரு நிமிடம்.

ஹேங் ஆகிவிட்டது, அமுக்கு என்றார் ஹெஸ்ஸா.
யோசிக்குது, விடுங்க என்றார் ஷோஃபிகுல்.
உள்ளே இருந்ததும் அசையவில்லை.
பொத்தானின் மேல் என் கட்டைவிரல்
வைத்தபடி இருந்தது.
ஏற்றத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம்,
அட்டவணைப்படி.